மருமகனுக்கு ஒரு கத்தி!

கடையில் போய், "ஒரு கத்தி குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "காய் நறுக்கவா, கேக் வெட்டவா?" என்பார்கள். "ரெண்டும் இல்லீங்க, பதினோரு வயசுப் பையனுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கல்லாவில் இருப்பவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, உங்களை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்ப்பார்.

மூன்று கடைகளில் அந்தப் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

விஷயம் இதுதான். என் அக்கா பையன் ஆறாவது படிக்கிறான். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் சேர்ந்திருக்கிறான். சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். கழுத்தில் ஸ்கார்ஃப். யாராவது வந்தால் இடது கையை நீட்டிக் கை குலுக்குகிறான் (சாரணர் முறையாம். என் அம்மாவுக்கு இதில் கடும் ஆட்சேபணை). சோபாவின் காலுக்கும் டி.வி. ஸ்டாண்டுக்கும் நடுவில் கயிறு கட்டி, அது என்ன முடிச்சு என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறான். தெரியாமல் தடுக்கி விழுந்தவர்களிடமும் கேட்கிறான்.

செங்கல்பட்டுப் பக்கம் மூன்று நாள் கேம்ப் என்று ஒரு தாள் வந்தது. கொண்டு வர வேண்டிய சாமான்கள்: தட்டு, டம்ளர், டார்ச், போர்வை, ஊக்கு அரை டஜன், கயிறு... பதினாலாவது வரியில், "பேனாக் கத்தி - சிறியது - 1".

அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை உங்க மாமாகிட்ட கேளு" என்று தள்ளிவிட்டாள். தாய்மாமன் என்றால் காது குத்த மடியில் உட்கார வைக்க வேண்டும், கல்யாணத்துக்குச் சீர் செய்ய வேண்டும், நடுவில் கத்தியும் வாங்க வேண்டும் போலிருக்கிறது.

ஆபீஸ் விட்டு வரும் வழியில் பாரிமுனையில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் ஒருவர் பளபளவென்று பரப்பி வைத்திருந்தார். செல்போன் கவர், டார்ச், நகவெட்டி, நடுவில் ஒரு குண்டுக் கத்தி. "பதினெட்டு அயிட்டம் சார்! கத்தி, ரம்பம், கத்தரி, குறடு, ஸ்பூனு, ஃபோர்க்கு, திசைகாட்டி கூட இருக்கு. இருநூத்தம்பது."

நான் பி.காம். என் மூளை எப்படி வேலை செய்யும் என்று நினைக்கிறீர்கள்? 250 வகுத்தல் 18. ஓர் அயிட்டம் பதிமூன்று ரூபாய் எண்பத்தெட்டு காசு! வாங்காமல் வந்தால் பட்டத்துக்கே அவமானம். பேரம் கூடப் பேசவில்லை.

பையன் துள்ளிக் குதித்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு தேங்காயை எடுத்து, கண்ணில் கத்தி முனையை வைத்து அழுத்தியிருக்கிறான், இளநீர்க்காரர் பாணியில். முனை உள்ளே போகவில்லை. கத்திதான் மடங்கியது. நடுவில் அவன் ஆள்காட்டி விரல்.

நாலு தையல்.

விரல் மடக்க நீட்ட வருகிறது, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்கிற வரை கிளினிக் வராந்தாவில் நான் நின்ற நிலையை இங்கே எழுதப் போவதில்லை. அக்கா என்னிடம் பதினாறு நாள் பேசவில்லை. பையன் கேம்ப்புக்குப் போகவில்லை. பஸ் கிளம்பிய அன்றைக்குக் காலையில் ஸ்கார்ஃபை மட்டும் கட்டிக்கொண்டு பால்கனியில் நின்றிருந்தானாம். இதை அக்கா சொல்லவில்லை. அத்தான்தான் போன் பண்ணிச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கத்தி 250. கிளினிக், தையல், ஊசி, மாத்திரை 2,600. ஆட்டோ 160. சமாதானத்துக்கு அல்வா 340. ஆக மொத்தம் 3,350 ரூபாய். ஓர் அயிட்டம் 186 ரூபாய்க்கு மேல் வருகிறது. திசைகாட்டி வேறு தெற்கை வடக்கு என்று காட்டியது.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்கவுட் மாஸ்டராக இருந்தவர். குற்றவாளியை, அதாவது அந்தக் கத்தியை, ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

அவர் அதைத் திறந்தார். பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடிற்று. அதன் முதுகை மேஜை விளிம்பில் வைத்து லேசாக அழுத்தினார். ஒரு பெருமூச்சு விட்டு மடங்கிக்கொண்டது.

"தம்பி, இது கத்தி இல்ல. பதினெட்டு கதவு, ஒண்ணுக்கும் தாழ்ப்பாள் இல்ல" என்றார்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு நடந்தது. சுண்டல் உண்டு.

மடக்குக் கத்தியில் இரண்டு ஜாதி. ஒன்று, வெறும் ஸ்பிரிங் பலத்தில் நிற்பது. முதுகுப் பக்கம் ஒரு எஃகுப் பட்டை பிளேடின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் வீட்டுப் பழைய பேனாக் கத்தி இந்த வகை. இன்னொன்று, லாக் உள்ளது. திறந்ததும் பூட்டிக்கொள்ளும். லாக்கை விடுவித்தால்தான் மடங்கும்.

"அப்ப லாக் உள்ளதுதான் நல்லது, இல்லையா சார்?"

"அவசரப்படாதீங்க" என்றார். லாக்கிலும் வகை இருக்கிறதாம். பிடிக்குள் ஒரு தகடு நகர்ந்து பிளேடைத் தாங்குகிற மாதிரி ஒன்று வரும். அதை மூட வேண்டுமானால் கட்டை விரலை உள்ளே விட்டுத் தகட்டைத் தள்ள வேண்டும். அதாவது பிளேடு வந்து உட்காருகிற இடத்தில் நம் கட்டை விரல் நிற்கும். பெரியவர்களுக்குப் பழகிவிடும். பதினோரு வயசுக்காரன் திறக்கும்போது தப்பித்து மூடும்போது வெட்டிக்கொள்வான். சின்னக் கைக்குத் தோதானது, கழுத்தில் வளையம் உள்ள வகை. பிரான்ஸில் ஒப்பினெல் என்ற கம்பெனி 1890 முதல் மரப்பிடிக் கத்தி செய்கிறது. 1955-ல் அதற்கு ஒரு வளையம் சேர்த்தார்கள். பிளேடைத் திறந்து வளையத்தைத் திருகினால் பூட்டு. மூடுவதற்கு முன் திரும்பவும் திருக வேண்டும். அந்த இரண்டு விநாடியில் பையனுக்கு, 'கையில இருக்கறது கத்தி' என்று ஞாபகம் வந்துவிடும். குழந்தைகளுக்கென்றே முனை உருண்டையாக ஒன்றும் அதில் உண்டு. ஸ்விஸ் கம்பெனி விக்டோரினாக்ஸும் முனை மழுங்கிய சின்னப் பையன் கத்தி போடுகிறது.

அப்படியானால் லாக் இல்லாத ஸ்விஸ் கத்தியை உலகம் பூராவும் சாரணர்கள் வைத்திருக்கிறார்களே, அது எப்படி?

"ஸ்பிரிங் நல்லா இருந்தா, வெட்டற திசையில எவ்வளவு அழுத்தினாலும் மூடாது. மூடறது ரெண்டு சமயத்துலதான். முனையால குத்தும்போது, முதுகை அழுத்தும்போது. உங்க மருமகன் தேங்காயைக் குத்தினான். நல்ல ஸ்பிரிங் இருந்தாலும் அது தப்பு. மட்டமான ஸ்பிரிங் இருந்ததால தப்புக்கு உடனே தண்டனை."

ஆக, தப்பில் பாதி கத்தியுடையது, பாதி சொல்லிக் கொடுக்காத மாமாவுடையது. பாலன்ஸ் ஷீட் டாலியாகிவிட்டது.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது, கடைக்குப் பையனையும் கூட்டிப் போகச் சொன்னது. செருப்பு வாங்கக் காலைக் கூட்டிப் போகிறோம். கத்தி வாங்கக் கையைக் கூட்டிப் போக வேண்டாமா? பிடி அவன் உள்ளங்கையில் அடங்க வேண்டும். நகம் வைத்துத் திறக்கிற பள்ளம் அவன் நகத்துக்குத் திறக்க வேண்டும். ரொம்ப டைட்டாக இருந்தால் பையன்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பல்லால் இழுப்பார்கள். ரொம்ப லூஸாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் 3,350 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டுவிட்டேன்.

பிளேடு நீளம் ஆறிலிருந்து ஏழு சென்டிமீட்டர் போதும். ஆறாவது படிக்கிறவன் கேம்ப்பில் செய்யப்போவது என்ன? கயிறு வெட்டுவான், பழம் நறுக்குவான், பென்சில் சீவுவான், பிஸ்கட் பாக்கெட் பிரிப்பான். காலில் முள் குத்தினால் எடுக்க ஒரு சாமணம் இருந்தால் உத்தமம். இதற்கு ரம்பமும் குறடும் எதற்கு?

குறடு என்றதும் ஒரு கதை. 1975-ல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்க இளைஞர் மனைவியோடு ஐரோப்பா சுற்றக் கிளம்பினார். கையில் காசு குறைவு. ஓட்டை ஃபியட் கார் ஒன்று வாங்கினார். கார் வழியெல்லாம் மக்கர். தங்குகிற மலிவு ஓட்டல்களில் குழாயெல்லாம் ஒழுகல். அவர் பாக்கெட்டில் இருந்தது ஒரு சாரணர் கத்தி! எல்லாவற்றுக்கும் அதை வைத்தே மல்லுக்கட்டினார். ஒவ்வொரு தடவையும், 'இதில் ஒரு குறடு இருந்திருந்தால்' என்று தோன்றியிருக்கிறது. ஊர் திரும்பி ராவித் தட்டி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, 1983-ல்தான் குறடு நடுவில் வைத்த அந்தக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு மல்ட்டி-டூல் என்று நாம் சொல்வதற்கெல்லாம் அதுதான் பெரியண்ணன். என்னைப் போன்ற குமாஸ்தாவின் டிராயரில் அது இருக்கலாம். ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கலாம். ஆனால் அது பிறந்தது ஓட்டைக் காருக்கும் ஒழுகல் குழாய்க்கும். பையில் போட்டால் நல்ல கனம் வேறு. பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற, சைக்கிளைத் தானே கழற்றி மாட்டுகிற பையனுக்குச் சரி. ஆறாவதுக்கு அதிகப்படி.

அதே கம்பெனி 2014-ல் சிறுவர்களுக்கென்று 'லீப்' என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் ஒரு சமத்துக் காரியம் செய்திருந்தார்கள். பிளேடைத் தனியாகக் கொடுத்தார்கள். பையன் முதலில் கத்தரி, குறடு, ஸ்க்ரூ டிரைவரோடு பழக வேண்டும். பக்குவம் வந்துவிட்டது என்று அப்பா அம்மாவுக்குத் தோன்றினால் பிளேடை மாட்டிக் கொடுக்கலாம். அதை இப்போது தயாரிப்பதில்லை. நல்ல யோசனைகளுக்கு மார்க்கெட்டில் இதுதான் கதி என்று காமர்ஸ் படித்தவன் சொன்னால் நம்புங்கள்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. லைசென்ஸ் கிய்சென்ஸ் வேண்டுமோ? சட்டம் தெரிந்த நண்பரைக் கேட்டேன். ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் வருவது, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை அதில் சேராது. இரண்டே முக்கால் அங்குலப் பேனாக் கத்தி அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் அவர் ஒன்று சொன்னார். "சட்டம் விட்டாலும் வாட்ச்மேன் விடமாட்டார்." விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். கோர்ட், மால், சினிமா தியேட்டர் வாசலில் எடுத்து வைக்கச் சொல்வார்கள். பட்டனைத் தட்டினால் 'டக்' என்று பாய்கிற கத்தி இருக்கிறதே, எண்பதுகளில் வில்லனின் அடியாள் ஆப்பிள் சாப்பிடப் பயன்படுத்தியது, அந்த வகையைக் கையாலும் தொட வேண்டாம் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே, பள்ளிக்கூடப் பை! இது ஒன்றுக்கு மட்டும் ஸ்கவுட் மாஸ்டர் குரலை உயர்த்தினார். இன்றைக்கு இருக்கிற நிலைமையில் வகுப்பறையில் ஒரு பையன் பையிலிருந்து கத்தி விழுந்தால், அது பென்சில் சீவுகிற கத்தி என்று யாரும் காத்திருந்து கேட்கமாட்டார்கள். கேட்கவும் கூடாது. அதனால் கத்தி பையனுடையது, ஆனால் அது இருக்கும் இடம் பெரியவர்களின் பீரோ. கேம்ப்புக்குக் கிளம்பும்போது மாஸ்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் அங்கே கொடுப்பார். திரும்பியதும் பீரோ.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "இவ்வளவு கட்டுப்பாடு வேணும்னா அந்தச் சனியன் எதுக்குடா?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. சமையலறை மூலையில் பதில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அரிவாள்மணை.

"அக்கா, நீ எந்த வயசுல அதுல உக்காந்தே?"

அவள் யோசித்தாள். "ஒம்போது இருக்கும். அம்மாவுக்கு டைபாய்டு வந்தப்ப."

முக்கால் அடி பிளேடு. மடக்காது, லாக் கிடையாது, முனை வானத்தைப் பார்த்து நிற்கும். அதில் ஒன்பது வயசுப் பெண் உட்கார்ந்து ஆறு பேருக்கு வாழைக்காய் நறுக்கினாள். யாரும் பயப்படவில்லை. காரணம், பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து, காலை எங்கே வைக்க வேண்டும், எழுந்திருக்கும்போது எப்படிச் சாய்த்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நம் வீடுகளில் பெண் குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. பையன்களைத்தான் அந்தப் பக்கமே விடவில்லை. நான் இன்றைக்கும் வெங்காயம் நறுக்கினால் பார்க்கிறவர்களுக்கு அழுகை வரும்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "என்னவோ பண்ணு. இந்தத் தடவை பிளாட்பாரம் வேண்டாம்" என்றாள்.

மூன்றாவது கடையில் கிடைத்தது. ஸ்விஸ் கத்தி, ஒரிஜினல். பிளேடின் அடியில் கம்பெனி பெயரும் 'ஸ்விஸ் மேட்' என்பதும் பொறித்திருக்கிறதா என்று பார்த்தேன். இதற்குப் போலிகள் ஏராளம். சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை எல்லாம் போலியிலும் உண்டு. போலியைத் திறந்தால் சொரசொரவென்று வரும். ஒரிஜினல், பாதி வரை நகம் இழுக்கும், மீதியைத் தானே போய் 'டப்' என்று நின்றுகொள்ளும். பையன் பத்துத் தடவை திறந்து மூடினான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த பிரச்னை. அத்தான் கத்தியை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்தார். பெரிய பிளேடு, சின்ன பிளேடு, டின் திறப்பது, பாட்டில் மூடி திறப்பது... முதுகுப் பக்கம் சுருள் சுருளாக ஒன்று வந்தது.

"மாப்ளே, இது என்ன?"

"அது வந்து அத்தான்... கார்க் திருகறது."

"எந்த கார்க்?"

"...ஒயின் பாட்டில் கார்க்."

அத்தான் நெற்றியில் விபூதியோடு என்னைப் பார்த்தார். "ஆறாங்கிளாஸ் பையன் கேம்ப்புல ஒயின் பாட்டில் திறக்கப் போறானா?"

தப்பு என்னுடையதில்லை, வரலாற்றுடையது. கார்ல் எல்செனர் என்பவர் ஸ்விட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை வைத்திருந்தார். 1891 முதல் ராணுவத்துக்குக் கத்தி சப்ளை. சிப்பாய்க் கத்தியில் கார்க் திருகி கிடையாது. ஒரு பிளேடு, ஒரு குத்தூசி, டின் திறக்க ஒன்று, துப்பாக்கியைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர். அவ்வளவுதான். 1897-ல் ஆபீசர்களுக்கென்று இலகுவான ஒன்றைச் செய்தார். ஆபீசர் ஆயிற்றே, கார்க் திருகி சேர்ந்துவிட்டது! பிற்பாடு அம்மா விக்டோரியா காலமானதும் அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு 1921-ல் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆனது. அம்மா சென்டிமென்ட் நம்ம ஊர் சினிமாவுக்கு மட்டும் சொந்தமில்லை.

இதையெல்லாம் விளக்கி, இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அந்தச் சுருள் பிரமாதமாக உதவும் என்றும் சொன்னேன் (நிஜமாகவே உதவும்). அத்தான் கேட்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் மாற்றினேன். நான் முதலில் வாங்கியது ஸ்பார்ட்டன் என்ற மாடல். அதே அளவு, அதே பிளேடு, கார்க் திருகிக்குப் பதில் நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் வைத்த மாடலின் பெயர் டிங்க்கர். பழுது பார்க்கிறவன் என்று அர்த்தம். சாரணனுக்கு இதுதான் லாயக்கு. நீங்கள் நேரே இதையே கேளுங்கள், ஒரு நடை மிச்சம். விலை, என் அல்வா உள்ளிட்ட பழைய செலவுக்குள் அடங்கிவிட்டது. சாவி வளையத்தில் தொங்குகிற குட்டி மாடலும் உண்டு. கத்தரி, சாமணமெல்லாம் கச்சிதமாக வரும். பார்க்க அழகு. ஆனால் பையன் கைக்குக்கூடப் பிடி போதாது, வழுக்கும்.

என் ஓட்டு இதுதான். எட்டு ஒன்பது வயசு என்றால் முனை மழுங்கியது. பதினொன்றுக்கு மேல், சொன்ன பேச்சுக் கேட்கிற பையன் என்றால் டிங்க்கர் மாதிரி ஒன்று. குத்துகிற புத்தி இன்னும் போகவில்லை என்று தோன்றினால் வளையப் பூட்டு வைத்த பிரெஞ்சுக் கத்தி. சொன்ன பேச்சே கேட்காத பையன் என்றால் வாலிபால் வாங்கிக் கொடுங்கள்.

வாங்கிய அன்றைக்கே கொடுத்துவிடவில்லை. ஸ்கவுட் மாஸ்டர் நாலு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வகுப்பு எடுத்தார். முதல் பாடம், மூடிய கத்தியோடு கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இல்லை என்றால்தான் திறக்கலாம். அமெரிக்கச் சாரணர்கள் இதை 'ரத்த வட்டம்' என்கிறார்களாம். அங்கே கத்தி வைத்துக்கொள்ள ஒரு கார்டு உண்டு. விதியை மீறினால் கார்டில் ஒரு மூலையை வெட்டிவிடுவது வழக்கம். நாலு மூலையும் போனால் கத்தியும் போச்சு. எங்கள் மாஸ்டர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையில் கார்டு செய்து கொடுத்தார். ஒரு மூலை இரண்டாவது வாரமே போனது. திறந்த கத்தியோடு நடந்தான். நாலே அடிதான் நடந்தான். மாஸ்டர் பார்த்துவிட்டார்.

வெட்டுவது எப்போதும் உடம்பை விட்டு வெளியே. தொடை மேல் வைத்து எதையும் சீவக் கூடாது, அங்கே பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. மொண்ணைக் கத்திதான் ஆபத்து, ஏனென்றால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். முதலில் வெட்டக் கொடுத்தது குளியல் சோப்பு. சோப்பில் யானை செய்தான். அக்கா பார்த்துவிட்டு, "யானை எங்கே?" என்றாள். பிறகு முருங்கைக் குச்சி. வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், கற்றுக்கொள்ள அதைப்போல் மரமில்லை. அப்புறம்தான் வேப்பங்குச்சி.

ஒரு நாள் தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தார். பையன் ஓடிப் போய்க் கத்தியை நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குச் சக்கரம் வேணாம் தம்பி. சூடேறி எஃகு செத்துடும், பாதி பிளேடு தேஞ்சுடும். நல்ல கல்லு ஒண்ணு வாங்கித் தண்ணி தொட்டு மெதுவா இழு." இருபது ரூபாய் வரும்படியை வேண்டாம் என்று சொன்ன மனிதர்! கூடுதல் குறிப்பு மாஸ்டருடையது: மண் புகுந்தால் வெந்நீரில் முக்கித் திறந்து திறந்து மூட வேண்டும். காயவைத்து, மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பழம் வெட்டுவதற்கு முன் பிளேடைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் பிசுக்கென்று ஒட்டும்.

கொடுப்பதற்கும் முறை இருக்கிறது. மடக்குக் கத்தியை மடக்கித்தான் கொடுக்க வேண்டும். மடங்காததைப் பிடிப் பக்கம் அடுத்தவர் கைக்கு வரும்படி நீட்ட வேண்டும். வாங்குகிறவர் சரியாகப் பிடித்துக்கொண்டு 'தேங்க் யூ' சொல்கிற வரை விடக் கூடாது. சொல்லிவிட்டார் என்றால் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

டிசம்பரில் அடுத்த கேம்ப். போய்விட்டு வந்தான். இரண்டு நாள் மழையாம், கூடாரத்துக் கயிறு இவன்தான் வெட்டினானாம். கூட வந்த பையனின் குதிகாலில் முள், இவன் சாமணம்தான் எடுத்ததாம். டின் திறக்கிற வேலை மட்டும் வரவில்லை என்று வருத்தம். எல்லாம் சாம்பார் சாதமாகப் போட்டுவிட்டார்கள். கத்தியைத் துடைத்து என்னிடம் கொடுத்தான். எண்ணிப் பார்த்தேன், பத்து விரலும் இருந்தது. அவன் தங்கை, புல்புல் பிரிவில் இருக்கிற சின்னவள், "எனக்கு எப்ப?" என்று என் சட்டையைப் பிடித்தாள். முனை மழுங்கிய மாடலுக்கு இப்போதே பணம் சேர்க்கிறேன்.

சாயந்திரம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா முறத்தில் கொய்யாப்பழத்தை வைத்துக்கொண்டு, "டேய், உள்ள இருந்து அந்தக் கத்தியை எடுத்துட்டு வா" என்றாள். கொண்டு வந்தான், மெதுவாக நடந்து, முனையைத் தரையைப் பார்க்க வைத்துக்கொண்டு. பிடியை அவள் பக்கம் நீட்டினான். அக்கா பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"விடுடா."

"தேங்க் யூ சொல்லும்மா. அப்பத்தான் விடணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தேன்.

"...தேங்க் யூ."

விட்டான். அதற்குள் ஊஞ்சலிலிருந்து அம்மாவின் குரல். "கத்தியைக் கையில குடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? சண்டை வரும். கீழ வைடா, அவ எடுத்துக்கட்டும்!"

பையன் கத்தியைத் திரும்ப வாங்கித் தரையில் வைத்தான். வாங்கும்போது தேங்க் யூ சொன்னான்.